செக்கருக்கு ஒரு மெத்தை

டிக்கெட் எடுக்காதவன் எப்போதும் வெளியேதான் பார்த்துக்கொண்டு வருவான். பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில் பார்ப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது, தென்னை, அது முடிந்தால் தென்னை, அதற்கப்புறம் போனால் போகிறதென்று இன்னும் கொஞ்சம் தென்னை, ஆனால் அவன் அதை இன்றைக்குத்தான் கண் திறந்த குழந்தை மாதிரி பார்ப்பான், நான் பக்கத்தில் போய்ச் சில்லறைப் பையைக் குலுக்கினாலும் திரும்ப மாட்டான், கழுத்தில் ஒரு நரம்பு மட்டும் விறைத்து நிற்கும். கண்டக்டர் வேலையை விட்டு இறங்கின பிறகு எனக்கென்று மிஞ்சியது அந்த நரம்பைக் கண்டுபிடிக்கிற கண் ஒன்றுதான். இப்போது இந்த ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற என் மருமகள் கோகிலவாணியின் கழுத்தில் அந்த நரம்பு நிற்கிறது. ரோட்டைப் பார்க்கிறாள். தினமும் ஸ்கூட்டரில் போய்வருகிற ரோடு, அதே பேக்கரி, அதே மருந்துக்கடை, அதை என்னவோ ஊட்டி மலர்க் கண்காட்சி மாதிரி பார்க்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தயாராக வைத்திருப்பாள், தயாராக வைத்திருக்கிற பதில் யாருக்கு வேண்டும். என் பாதத்தின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு என் நாய் செக்கர் படுத்திருக்கிறான். அவனுக்கு மெத்தை வாங்கப் போகிறோமாம். இத்தனை வருஷம் என் கட்டிலை ஒட்டித் தரையில், மார்கழியானால் என் பழைய வேட்டி ஒன்றின் மேல், எந்தக் குறையும் சொல்லாமல் படுத்தவனுக்குத் திடீரென்று மெத்தை. அதுவும் செவ்வாய்க்கிழமை, மணி மூன்றைத் தாண்டியாகிவிட்டது, அப்படியென்றால் ராகு காலம். ராகு காலத்தில் உப்புப் பாக்கெட்டைக்கூடப் பிரிக்காதவள், கேஸ் சிலிண்டர்காரனையே ஒருதரம் மாடிப்படியில் உட்கார வைத்து மோர் கொடுத்து நேரம் கடத்தியவள், அவள் ராகு காலத்தில் மெத்தை வாங்கக் கிளம்புகிறாள் என்றால் ஒன்று, தலைபோகிற அவசரம். இல்லையென்றால், இதை அவள் நல்ல காரியத்தில் சேர்க்கவில்லை. எதுவாக இருக்கும் என்று நினைத்தேன், இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாகச் செக்கரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கடிக்குமாங்?" என்றார். "எல்லாரையும் கடிக்க மாட்டானுங்" என்றேன், "காக்கிச் சட்டை போட்டவங்களை மட்டுந்தான். பழைய பகை." அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன், வண்டி கொஞ்சம் வேகம் பிடித்தது. "மாமா!" என்றாள் கோகிலவாணி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "அண்ணா, அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது, அவருக்கு இதே பொழப்பு." இதே பொழப்பு. பாருங்கள், மற்ற நாளாக இருந்தால் இதற்குச் சிரித்திருப்பாள், குறைந்தபட்சம் தலையிலாவது அடித்துக்கொண்டிருப்பாள். செக்கர் கோம்பை நாயும் இல்லை ராஜபாளையமும் இல்லை, எங்கள் பஸ் ஷெட்டில் டயருக்குள் கிடந்த குட்டி, இது எனக்குத் தெரியும். ஆனால் அபார்ட்மெண்டில் எல்லோருக்கும் தெரிந்திருப்பது, அவன் அப்பன் ஒரு ஜமீனில் காவல் இருந்தவன், அம்மா பொள்ளாச்சிப் பக்கம் ஷூட்டிங் வந்த கம்பெனியோடு வந்தவள், சண்டைக் காட்சியில் மாடியிலிருந்து குதித்தவள், குதித்த இடத்தில் ஜமீன் நாய் நின்றுகொண்டிருந்தது, மீதிக் கதை உங்களுக்கே புரியும் என்று நான் நிறுத்திவிடுவேன். செக்கர் என்று பேர் வைத்தது மட்டும் நிஜமான காரணத்துக்காக. வீட்டுக்கு யார் வந்தாலும் கால் முதல் முழங்கால் வரை மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவான், எங்கள் ரூட்டில் வழியில் கைகாட்டி ஏறுகிற செக்கிங் இன்ஸ்பெக்டர் மாதிரி. ஒரு வித்தியாசம், இன்ஸ்பெக்டர் வயதானால் ரிட்டையர் ஆகிவிடுவார். இவன் ஆகவில்லை. ராத்திரி நான் பாத்ரூமுக்கு எழுந்தால் இவனும் எழுவான், டைல்ஸில் நகம் தட்டும் சத்தம் பின்னாலேயே வரும், கதவுக்கு வெளியே உட்காருவான், நான் வந்து படுத்த பிறகுதான் படுப்பான். இந்த வயதில் அது எத்தனை தரம் என்று கணக்குச் சொன்னால் அசிங்கம். சர்க்கரை இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

அவள் ஏன் அளந்தாள்? சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து மாட்டிக்கொள்கிறது. நேற்று மத்தியானம் நான் பால்கனியில் துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன், திரைச்சீலை காற்றில் விலகியபோது உள்ளே, என் அறையில், கோகிலவாணி டெய்லர் டேப்போடு முட்டி போட்டிருந்தாள். தூங்குகிற செக்கரை மூக்கிலிருந்து வால் வரைக்கும் அளந்தாள். சரி, மெத்தைக்கு அளவு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். அப்புறம் எழுந்து என் கட்டில் காலிலிருந்து பாத்ரூம் கதவு வரைக்கும் எதற்கு அளக்கிறாள்? அளந்துவிட்டு ஹாலுக்குப் போய், டிவிக்குப் பக்கத்து மூலையை அளந்தாள். நாய் என் அறையில் இருக்கிறது, மூலை ஹாலில் இருக்கிறது. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கிற இடம் எவ்வளவு என்று யாருக்குத் தெரிய வேண்டும், அந்த அறையில் வேறு எதையோ கொண்டுவந்து போடப்போகிறவர்களுக்கு. அன்றைக்குக் காலையில்தான் நாய் டாக்டர் வந்துபோனார், அதை இதோடு சேர்த்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கிற டாக்டர், செக்கரின் பின்னங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார், இடுப்பை அமுக்கினார், செக்கர் கத்தவில்லை, நாக்கால் மூக்கை நக்கிக்கொண்டான், அவ்வளவுதான். எனக்கு அந்த நேரம் பார்த்துப் பாத்ரூம் வந்துவிட்டது. திரும்பி வந்தபோது டாக்டரும் இவளும் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், என்னைக் கண்டதும் டாக்டர் "வயசாச்சுங்க, வேற ஒண்ணுமில்ல" என்று சத்தமாகச் சொன்னார். யாருக்கு வயசாச்சு? அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். மூன்றாம் மாடி வெள்ளிங்கிரிக்கு அவர் மகன் ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுத்தான், பட்டனை அமுக்கினால் கால் மேலே வரும், நாங்கள் எல்லோரும் போய் ஆளுக்கொரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தோம், வெள்ளிங்கிரிக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்போது வெள்ளிங்கிரி துடியலூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நாற்காலி இங்கேயே இருக்கிறது. சவுகரியம் செய்துகொடுக்கிறார்கள் என்றால் முதலில் எதற்கு என்று பார்க்க வேண்டும். மெத்தை ஹாலுக்குப் போகும். ஹாலில் விருந்தாளி வந்தால் இடைஞ்சல் என்று பால்கனிக்குப் போகும். பால்கனியில் மழைச்சாரல் என்று, வயதான நாய்களைப் பார்த்துக்கொள்ள ஒரு இடம் இருக்கிறதாமே மாமா என்று ஒரு நாள் காபி கொடுக்கும்போது ஆரம்பிப்பாள். என் மகன் கிருபாகரன் திருப்பூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவன், அவள் சொன்னால் தலையாட்டுவான். அப்புறம் எனக்கு ஒரு சாய்வு நாற்காலி.

கடை நான் நினைத்த மாதிரி இல்லை. நாய்க்குக் கடை என்றால் சங்கிலியும் பிஸ்கட்டும் தொங்கும் என்று நினைத்தேன், இது ஏசி போட்டு, குழல் விளக்கு போட்டு, ஆஸ்பத்திரி மாதிரி பளீரென்று இருந்தது. தரையெல்லாம் மெத்தைகள் வரிசையாக. சொந்தக்கார அம்மா எஸ்தர், என்னைவிடக் கொஞ்சம்தான் இளையவராக இருப்பார், கையில் காபி டம்ளரோடு எழுந்து வந்தார். "வா கோகிலா, நேத்து போன்ல சொன்னியே, இவன்தானா?" என்றார். நேற்றே போன். குறித்துக்கொண்டேன். செக்கர் உள்ளே வந்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டான், எஸ்தரம்மாவின் செருப்பு, புடவைக் கரை, டம்ளர் வரைக்கும் மோந்து பாஸ் செய்தான். "எப்படிங்கய்யா படுப்பான், சுருண்டா, நீட்டியா?" என்று என்னிடம் கேட்டார். இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னால் மெத்தை சரியாக அமைந்துவிடும், மெத்தை சரியாக அமைந்தால் ஹால் மூலைக்குப் போய்விடும். "நின்னுட்டே தூங்குவானுங்" என்றேன், "தாய்வழியில கொஞ்சம் குதிரை." எஸ்தரம்மா காபியை ஒரு வாய் குடித்தார். "அப்ப மெத்தை எதுக்குங்கய்யா, லாயம் கட்டிருங்க. கொள்ளும் நம்மகிட்டயே கிடைக்கும்." எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப் போனது, அதனாலேயே இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. கோகிலவாணி "சுருண்டு படுப்பான் அக்கா, ஆனா இப்பல்லாம் ஒரு காலை நீட்டிக்கறான், மடக்கினா வலிக்குது போல" என்றாள். இது இவளுக்கு எப்படித் தெரியும்? அவன் படுப்பது என் அறையில். நான் கட்டிலில் படுத்தால் எனக்குத் தெரிவது அவன் மூச்சும், என் கை கீழே தொங்கினால் தட்டுப்படுகிற காதும்தான், கால் எப்படி இருக்கிறது என்று நான் எட்டிப் பார்த்ததில்லை. இவள் எப்போது வந்து பார்க்கிறாள்? நாங்கள் தூங்கும்போது வந்து நிற்கிறாளா?

எஸ்தரம்மா ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்று நடுவில் குழிந்து சுற்றிலும் தடித்து மெதுவடை மாதிரி இருந்தது. ஒன்று இரும்புச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிய கட்டில், ஏறி இறங்கவே ஒரு ஆள் வேண்டும், இதில் செக்கர் படுத்தால் கயிற்றுக் கட்டிலில் படுத்த மிராசுதார் மாதிரிதான் இருப்பான். ஒன்று சாம்பல் நிறத்தில், தடிமனாக, விரலால் அமுக்கினால் விரல் போன பிறகும் பள்ளம் அப்படியே நின்றது. "இது மெமரி ஃபோம்ங்கய்யா, படுக்கறவங்க உடம்பை ஞாபகம் வெச்சுக்கும்." நான் பள்ளம் மெல்ல மெல்ல மேலே வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்தன் எழுந்து போன பிறகும் அவன் படுத்திருந்தது தெரிகிற மெத்தையை எதற்கு வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். இடுப்புக்கு இதுதான் நல்லது என்றார், வயதான நாய்க்கு எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். எல்லோரும் வாங்குகிறார்கள் என்றால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும், பஸ்ஸில் எல்லோரும் ஒரே பக்கம் எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் ஜேப்படிக்காரன் இல்லை என்று அர்த்தம். செக்கர் மெத்தைகளை மோந்து பார்த்தான், ஒன்றிலும் ஏறவில்லை. கோகிலவாணி குனிந்து "வாடா, வாடா தங்கம், இங்க படு" என்று தட்டிக் காட்டினாள், அவன் மரியாதைக்கு வாலை ஒரு தரம் ஆட்டிவிட்டு என் காலடியில் வந்து தரையில் உட்கார்ந்தான். எனக்கு உள்ளுக்குள் என்ன சந்தோஷம். "பாத்தியா அம்மிணி, அவனுக்கு வேண்டாமாம்." "அவன் புதுசுன்னு கூச்சப்படறானுங் மாமா." "கூச்சமா, ஜமீன் ரத்தம், அடுத்தவன் கொடுத்த மெத்தையில படுக்க மாட்டான்." எஸ்தரம்மா டம்ளரை மேசையில் வைத்தார். "ஜமீன்தாருக்கு முன்னாடி திவான் படுத்துக் காட்டணும் போல. நீங்க உக்காருங்கய்யா, அவன் வருவான்."

உட்கார்ந்தேன். அந்த அம்மா சவால் விட்ட மாதிரி சொன்னதால் உட்கார்ந்தேன், மெதுவடையில், வேட்டியை மடக்கிக்கொண்டு, முட்டி இரண்டும் தாடைக்கு வந்துவிட்டது, அதுபற்றி எனக்கு வெட்கம் கிடையாது. செக்கர் வந்தான். மெத்தையில் ஏறாமல் என் பக்கத்தில் தரையில் படுத்தான். நான் சிரித்துக்கொண்டே எழுந்து கட்டிலுக்குப் போனேன், அவனும் எழுந்து வந்தான், கட்டிலை ஒட்டித் தரையில் படுத்தான். "திவான் போற இடமெல்லாம் வர்றான், மெத்தைக்கு மட்டும் வர மாட்டேங்கறான்" என்றார் எஸ்தரம்மா. எனக்கு விளையாட்டு ஏறிவிட்டது. ஒரு பஞ்சு மெத்தைக்குப் போனேன், அங்கிருந்து ஒரு ரெக்சின் மெத்தைக்கு, "பாருங்க, எத்தனை போட்டாலும் தரைதான்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன், அப்போதுதான் அவன் எழுவதை நேருக்கு நேராகப் பார்த்தேன். இத்தனை நாள் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. பகலில் நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பேன், அவனும் கிடப்பான். ராத்திரி இருட்டு, கண்ணாடி மேசைமேல் இருக்கும், நகம் டைல்ஸில் தட்டும் சத்தம்தான் எனக்குத் தெரிந்த செக்கர், அந்தச் சத்தம் என் பின்னால் வந்தால் எனக்குத் தைரியம். அந்தச் சத்தத்துக்கு முன்னால் இவ்வளவு இருக்கிறதா. முன்னங்கால் இரண்டையும் ஊன்றினான், அதுவரைக்கும் சரி. பிறகு நிறுத்தினான். கண்ணை மூடிக்கொண்டான். பின்னங்கால்கள் வழவழத் தரையில் இரண்டு பக்கமும் விலகி விலகிப் போயின, இழுத்துச் சேர்த்தான், மறுபடியும் போயின, இடுப்பு நடுங்கியது, குளிரில் நடுங்குகிற மாதிரி இல்லை, பாரம் ஏற்றின வண்டி மேட்டில் நின்று எஞ்சின் உதறுகிற மாதிரி. ஒரு தள்ளு தள்ளி எழுந்தான். எழுந்ததும் வாயைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தான், ஒன்றுமே நடக்காத மாதிரி, என்னைவிடப் பெரிய புளுகன். வந்து என் காலடியில் படுத்தான். நான் இன்னொரு தரம் எழுந்தால் அவன் இன்னொரு தரம் எழுவான். இந்தக் கடைக்குள் நுழைந்ததிலிருந்து எத்தனை தரம் எழுப்பியிருக்கிறேன். ராத்திரி எத்தனை தரம். ஒரு ராத்திரிக்கு அத்தனை தரம் என்றால். வேண்டாம், அந்தக் கணக்குக்குள் போக வேண்டாம், போனால் வெளியே வர முடியாது.

"அம்மிணி" என்றேன், எழாமல், ரெக்சின் மெத்தையில் உட்கார்ந்தபடியே. "லிஃப்ட்கிட்ட டாக்டர் என்ன சொன்னாரு?" "அதெல்லாம் ஒண்ணுமில்லீங் மாமா." "ஒண்ணுமில்லாததுக்கா ராகு காலத்துல கிளம்பி வந்தே." அவள் எஸ்தரம்மாவைப் பார்த்தாள், எஸ்தரம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கோகிலவாணி என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "ராத்திரி அவன் எந்திரிக்கவே கூடாதுன்னாருங் மாமா. மாத்திரை எல்லாம் அப்புறம், மொதல்ல ராத்திரி முழுக்க ஒரே தூக்கமாத் தூங்கணும், நல்ல மெத்தையா இன்னைக்கு நாளைக்குள்ள வாங்குங்கன்னாரு. எந்திரிக்க எந்திரிக்க இடுப்பு தேயுதாம். இப்படியே விட்டா நடக்க மாட்டானாம்." "எந்திரிக்கறது நானு." அவள் செக்கரின் முதுகைத் தடவினாள். "இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?" "சொன்னா நீங்க பாத்ரூமே போகாம அடக்கிட்டுக் கிடப்பீங் மாமா. எனக்கு உங்களைத் தெரியாதா. அதான் ஹால்ல மெத்தையப் போட்டு, கதவைச் சாத்திட்டா அவனுக்குச் சத்தம் கேக்காது, அப்படியே பழகிருவான்னு நெனச்சேன். உங்களுக்குக் கட்டில்ல இருந்து பாத்ரூம் வரைக்கும் செவுத்துல புடிச்சுட்டுப் போக ஒரு கம்பி வெக்கச் சொல்லியிருக்கேன், அளவு கொடுத்தாச்சு. எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியலை, வழியெல்லாம் அதையேதான் யோசிச்சுட்டு வந்தேன்." நான் அவள் கழுத்தைப் பார்த்தேன். நரம்பு எதுவும் இல்லை, வியர்வைதான் இருந்தது, இந்த ஏசியிலும். ஒரு வாழ்நாள் முழுக்க டிக்கெட் எடுத்தவர்கள் எத்தனை பேரைச் சட்டையைப் பிடித்து இறக்கிவிட்டேனோ என்று அந்த நேரத்தில் எதற்கோ தோன்றியது.

ஆனால் மனசு அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்ளுமா. சரி, அவள் சொன்னது நிஜம், இருக்கட்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு போகலாம், அதுவும் இருக்கட்டும். கம்பி பின்னாலேயே வருமா? கதவுக்கு வெளியே உட்காருமா? போன ஐப்பசி மழையில் நான் பாத்ரூமில் வழுக்கினேன். அந்தக் கதை அபார்ட்மெண்டில் எல்லோருக்கும் தெரியும், செக்கர் என் பனியனைப் பல்லால் கவ்வி ஹால் வரைக்கும் இழுத்து வந்தான், மூக்கால் போனை அமுக்கித் திருப்பூருக்குக் கூப்பிட்டான், கிருபாகரன் "அப்பா எங்க" என்று கேட்டதற்கு இரண்டு தரம் குரைத்தான், வாட்ச்மேன்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நடந்தது அது இல்லை. நான் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன், கால் வரவில்லை, வேட்டி போன இடம் தெரியவில்லை, அந்தக் கோலத்தில் மருமகளை எப்படிக் கூப்பிடுவது, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செக்கர் கதவைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு வந்தான். குரைக்கவில்லை, அதற்காக அவனுக்கு நான் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். என் முதுகை ஒட்டிப் படுத்துக்கொண்டான், சூடாக இருந்தது. வெளிச்சம் வர ஆரம்பித்தபோது அவன் எழுந்து நின்றான், நான் அவன் முதுகில் கையை ஊன்றி எழுந்தேன். ஊன்றி என்றால் என் முழு எடையும். இடுப்பில்தான் ஊன்றினேனா? அன்றைக்குத்தானா இது? டாக்டரிடம் கேட்டால் அப்படி இல்லைங்க, வயசுதான் என்பார், என்னைப் பார்த்தே சொல்வார். நேற்றிலிருந்து அவள் மேல் வைத்த சந்தேகத்தையெல்லாம் வாரி எடுத்து என் மேலேயே வைத்துப் பார்த்தேன். பொருத்தமாக இருந்தது. எனக்கு இருட்டில் பயம். அவ்வளவுதான் விஷயம். அதற்கு ஜமீன், ரத்தம், குதிரை என்று எத்தனை சுற்று.

எழாமல், உட்கார்ந்தபடியே, பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து அந்தச் சாம்பல் மெத்தைக்கு நகர்ந்தேன். அது கொஞ்ச தூரம்தான், வேட்டிதான் படாதபாடு பட்டது. செக்கர் தலையைத் தூக்கினான், "இரு" என்றேன், "இருடா, இங்கதான்." அவனும் எழாமல் முன்னங்காலால் இழுத்துக்கொண்டு வந்தான், இதுவும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள். மெத்தையின் ஓரத்தில் நான் ஒருக்களித்துப் படுத்தேன், நடுவை அவனுக்கு விட்டுவிட்டு. நிஜமாகவே படுத்தேன், கடையில், பட்டப்பகலில், நாய் மெத்தையில். முதலில் மோவாயை வைத்தான். மோந்தான். பிறகு ஒரு கால், இன்னொரு கால், பெருமூச்சு விட்டபடி இடுப்பைக் கொண்டுவந்து போட்டான். மெத்தை அவனுக்குக் கீழே மெல்ல இறங்கிக் கொடுத்தது, அந்த வலிக்கிற காலை நீட்டினான், நீட்டிய கால் நடுங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வயிறு ஏறி இறங்க ஆரம்பித்தது, உதடு ஓரமாகச் சரிந்து பல் தெரிந்தது. எஸ்தரம்மா வந்து மேலிருந்து பார்த்தார். "ரெண்டு பேருக்கும் சேத்து பேக் பண்ணட்டுங்களா?" என்று கேட்டார், குரலைத் தாழ்த்தித்தான். "இவனுக்கு மட்டும் போதுமுங்" என்றேன். "அம்மிணி, இதையே வாங்கிரு. ஹால்லயே போட்ரு." கோகிலவாணி என்னை உற்றுப் பார்த்தாள். "மாமா, நெசமாத்தான் சொல்றீங்களா? எனக்காகச் சொல்ல வேண்டாம்." "உனக்காக எதுக்குச் சொல்றேன். இவன் ராத்திரியில பேசறான் அம்மிணி." "பேசறானா." "தூக்கத்துல. பூராவும் பஸ் ஸ்டாப் பேரு. கோமங்கலம், பெதப்பம்பட்டின்னு வரிசையாச் சொல்லிட்டே வர்றான், எல்லா ஸ்டாப்புலயும் எனக்கு முழிப்பு வந்துருது. தாங்க முடியலை. அதனால ஹால்லயே போடு, கதவையும் நல்லாச் சாத்து." அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்த மாதிரி இருந்தது, அல்லது குழல் விளக்கு. "பெதப்பம்பட்டி அந்த ரூட்லயே இல்லீங்களே மாமா" என்றாள். "அதைத்தான் நானும் சொன்னேன், கேட்டாத்தானே" என்றேன்.

பணம் கொடுக்க அவள் மேசைப் பக்கம் போனாள். எனக்குப் பாத்ரூம் வந்துவிட்டது. வருமென்று தெரியும், ஏசியில் இவ்வளவு நேரம் இருந்தால் வராமல் என்ன செய்யும், கடைக்குப் பின்பக்கம் போர்டு மாட்டியிருந்தது. அடக்கலாமா என்று நினைத்தேன், அடக்கினால் இன்றைக்கு அடக்கலாம். முதலில் செருப்பைக் கால் விரலாலேயே தள்ளிவிட்டேன். உள்ளங்கையை மெத்தையில் ஊன்றாமல் தரையில் ஊன்றினேன், மெத்தை அசையக் கூடாது. ஒரு முட்டி. அது நெட்டி முறித்தது, பட்டாசு மாதிரி எனக்குக் கேட்டது, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தேன், வயிறு ஏறியது, இறங்கியது. அலமாரியின் ஓரத்தைப் பிடித்தேன், இன்னொரு முட்டி, இடுப்பு கொஞ்சம் உதறியது, கண்ணை மூடிக்கொண்டேன், ஒரு தள்ளு. நின்றுவிட்டேன். அவன் எழவில்லை. நான் எழுந்து அவன் எழாமல் இருந்தது இதுதான் முதல் தடவை. ஜெயித்துவிட்ட மாதிரியும் இருந்தது, நெஞ்சில் கைவைத்து யாரோ மெல்லத் தள்ளின மாதிரியும் இருந்தது. வெறுங்காலால் ஒரு அடி வைத்தேன், தரை சில்லென்றது. செக்கரின் கண் மூடியே இருந்தது, உதடு சரிந்தபடியே இருந்தது, ஆனால் இடது காது நான் வைத்த அடியோடு என் பக்கம் திரும்பியது. நின்றேன். காதும் நின்றது. நிஜமாகவே தூங்குகிறானா, இல்லை எனக்காகத் தூங்குகிற மாதிரிக் கிடக்கிறானா, அவனைக் கேட்டால் சொல்லவா போகிறான். இன்னொரு அடி வைத்தேன். காது வந்தது. கதவு வரைக்கும் வந்தது.